‘நம்மவர்’ என்றால் யார்?



கௌதள்ளியில் பி.யு.சி. தேறிய நம் வீட்டுப் பெண்ணுக்கு மைசூரில் கல்லூரி இடம் கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது இரவில் தலைசாய்க்க ஓர் இடம். ஹனூர், கொள்ளேகால் வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் பஸ் பயணம். தினம் போய்வரும் தொலைவா அது? விடுதி இல்லையேல் படிப்பும் இல்லை.

சென்ற ஆண்டு அப்படி ஒரு பெண்ணையும் அவள் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு ஒரு சமுதாய விடுதிக்குப் போயிருந்தேன். மதிப்பெண் பட்டியலை வார்டன் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன ஜாதி, யார் சிபாரிசு என்ற இரண்டே கேள்விகள். பிறகு, “நம்மவரிகே ஜாக இல்ல” என்றார்.

யாரய்யா ‘நம்மவர்’? 1956 நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால் தாலுகா கோவை மாவட்டத்தில் இருந்தது. நம்மில் பலர் எங்கும் குடிபெயரவில்லை, எல்லைக்கோடுதான் பெயர்ந்தது!

சமுதாய விடுதிகளே கூடாது என்பதல்ல நம் வாதம். உணவு விடுதிகளில் பார்ப்பனரல்லாத மாணவர்களுக்கு இடம் மறுக்கப்பட்ட காலத்தில்தான் டாக்டர் நடேசனார் 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் கண்டார். மைசூரிலும் 1918-இல் மில்லர் குழு அமைக்கப்பட்ட காலம் அது. வெளியே நிறுத்தப்பட்டவனுக்குக் கதவு திறக்கப் பிறந்தவை அந்த விடுதிகள். உள்ளே போனவன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் சமூக நீதியா?

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே கல்லூரி மாணவியர் ‘சொராரிட்டி’ என்ற சங்கங்களில் சேர்ந்து ஒரே வீட்டில் தங்குகிறார்கள். பழைய உறுப்பினர்களின் சிபாரிசுக் கடிதம் கேட்கும் வழக்கமும் இருந்தது. யாரைச் சேர்ப்பது என்று உள்ளிருப்போர் இரகசியமாய் முடிவு செய்வர். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அலபாமா பல்கலைக்கழக வாசலில் கறுப்பின மாணவர்களை மறித்துக் கவர்னர் வாலஸ் நின்றது 1963-இல். ஐம்பதாண்டு கழித்து, 2013-இல், நல்ல மதிப்பெண் பெற்ற கறுப்பின மாணவி ஒருத்திக்கு அந்தச் சங்கங்கள் ஒன்றிலும் இடமில்லை! இப்போதைய மாணவியர் சிலர் சேர்க்க விரும்பியும் பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்று மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்தியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பல்கலைக்கழகமும் சேர்க்கையை மீண்டும் திறக்கச் செய்தது. கறுப்பினப் பெண்கள் சிலர் உள்ளே போனார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். மைசூரில் தமிழ்ப் பெண்களுக்கு விடுதி கட்டவேண்டும் என்று நம் சங்கத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் பேச்சு தொடங்கிய கால்மணி நேரத்திலேயே, “எந்த ஜாதிப் பெண்களுக்கு முதலிடம்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை, எனக்கு வார்டனின் குரல் மறுபடி கேட்டது. காங்கிரஸ் பணமும் வாங்கிக்கொண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட சேரன்மாதேவி குருகுலத்தை 1925-இல் சந்தி சிரிக்க வைத்த பெரியாரின் படம் அந்தக் கூட்டத்தில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது!

நன்கொடை தருகிறவர் தம் உறவுப் பெண்ணுக்கு இடம் கேட்பார், கேட்காமல் பணம் வராது என்கிறார்கள். அந்தப் பணம் வராமலே இருக்கட்டும். அறை நான்கு குறையும், அவ்வளவுதான்.

செங்கல் வாங்குமுன் விதி எழுதுங்கள். விண்ணப்பத்தில் ஜாதிக் கட்டம் வேண்டாம். சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுங்கள். ஊரின் தொலைவு, வீட்டு வருமானம், மதிப்பெண் இவற்றைப் பார்த்து இடம் கொடுங்கள். பட்டியலைக் கௌதள்ளி பஸ் நிறுத்தத்தில் ஒட்டுங்கள். மறுக்கப்பட்ட பெண்ணுக்குக் காரணத்தை எழுத்தில் தாருங்கள். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். எதிர்ப்பவர்கள் பெயர் சொல்லி எதிர்க்கட்டும். இரகசிய வாக்கெடுப்புக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.