‘கரு’ என்னும் சொல்: பொருட்பரப்பும் கலைச்சொல் தெளிவும்

முன்னுரை

தமிழில் அன்றாடம் புழங்கும் உயிரியல் சொற்களுள் ‘கரு’ தனித்து நோக்கத்தக்கது. சமையலறையிலும் கோயிலிலும் இலக்கிய வகுப்பிலும் மகப்பேறு மருத்துவமனையிலும் அச்சொல் வெவ்வேறு பொருளில் வழங்குகிறது. ஒரு சொல் பல பொருள் உணர்த்துவது மொழிக்கு இயல்பே. எனினும், ஒரு பெண் தன் உடல் குறித்த ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் இடத்திலும் அச்சொல்லின் பொருள் நெகிழ்ந்தே நிற்குமாயின், அது மொழியியல் செய்தி மட்டுமன்று; உரிமை பற்றிய வினாவும் ஆகும். ‘கரு’ என்பதன் பொதுவழக்கைக் குறுக்காமலேயே மருத்துவத் தமிழிலும் சட்டத் தமிழிலும் அதன் எல்லையை வரையறுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வழக்கில் கரு

தொல்காப்பிய அகத்திணையியல் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலானவற்றைக் கரு எனத் தொகுக்கிறது. இங்குக் கரு என்பது கருப்பையில் வளர்வதன்று. ஒரு நிலத்தில் தோன்றி அந்நிலத்தின் வாழ்வுக்கு அடையாளம் தருவது. இன்றைய கருத்தரங்க அறிவிப்புகளிலோ ‘கருப்பொருள்’ என்பது மையப் பொருள் என்னும் பொருளில் அச்சாகிறது. வகுப்பில் திணைக்கோட்பாட்டுச் சொல்லாகக் கற்பிக்கப்படுவது, அதே துறையின் அழைப்பிதழில் வேறு பொருள் தருகிறது. இதனால் எவரும் இடர்ப்படுவதில்லை. சூழலே பொருளைத் தெளிவுபடுத்திவிடுகிறது. கதைக்கரு, கருவறை, கருவூலம் ஆகியவற்றிலும் உள்ளிருப்பது, காக்கப்படுவது, பிறிதொன்று தோன்ற இடமாவது என்னும் பொருட்கூறுகள் ஏற்ற இறக்கத்துடன் அமைந்துள்ளன.

முட்டையைக் குறித்த வழக்கு இன்னும் நுட்பமானது. மஞ்சள் கரு, வெள்ளைக்கரு என்று மக்கள் கூறும் இரண்டுமே உயிரியல் பொருளில் கரு அல்ல. முன்னது வளரும் உயிருக்கு உணவு. பின்னது பெரும்பகுதி நீரும் புரதமும் கொண்ட காப்பு. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் சேவலின்றி வளரும் கோழிகள் இடும் முட்டைகளில் கருவுறுதலே நிகழ்வதில்லை. கரு இல்லாத முட்டையில் இரண்டு கருக்களைக் காண்கிறது பேச்சுவழக்கு! இதைப் பிழை என்று ஒதுக்குதல் பொருந்தாது. ஓட்டுக்குள் இருக்கும் பொருள் என்பதே இங்குச் சொல்லின் பொருள்.

பாடநூல்களில் கரு

அறிவியல் தமிழ் இச்சொல்லை மேலும் விரித்தது. 1831இல் ராபர்ட் பிரௌன் தாவரச் செல்களில் கண்டு பெயரிட்ட நியூக்ளியஸ், தமிழகப் பாடநூல்களில் உட்கரு ஆயிற்று; இயற்பியலில் அணுக்கரு தோன்றியது. பருப்பு அல்லது விதையின் உள்ளீடு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லுக்குத் தமிழில் கரு ஈடாக அமைந்தது பொருத்தமே. ஆனால் அணுக்கருவில் பிறப்புப் பொருள் முற்றிலும் நீங்கி, நடு என்னும் பொருளே எஞ்சியது.

ஈழத்துப் பாடநூல் மரபு வேறு வழியில் சென்றது. அங்குச் செல் கலம் எனப்படும். அதன் நியூக்ளியஸ் கரு எனப்படும். எம்ப்ரியோ முளையம் எனப்படும். ‘கலத்தின் கரு’ என்னும் தொடர் யாழ்ப்பாண மாணவர்க்கு ஐயமின்றி விளங்கும். மதுரை மாணவர் ஒருகணம் தயங்குவார். தமிழகச் சொல் கருப்பையிலிருந்தும் ஈழச் சொல் விதையிலிருந்தும் பொருளைப் பெற்றன. இரண்டில் எது சிறந்தது என்பதைவிட, ஈழ மரபு எம்ப்ரியோவுக்குத் தனிச்சொல் ஒதுக்கியது என்பதே இங்குக் கருதத்தக்கது.

தெளிவின்மை தீங்காகும் இடங்கள்

ஸ்கேன் மையங்களில் கருவின் பாலினத்தைக் கூறுவது குற்றம் என்னும் அறிவிப்பு 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இடம்பெறுகிறது. ‘கருவில் இருக்கும் குழந்தை’ என்று அது எழுதப்படும்போது கரு என்பது குழந்தையன்று. குழந்தை இருக்கும் இடம். ‘கருவின் பாலினம்’ என்னும்போதோ அது குழந்தையையே குறிக்கிறது. ஏழாம் வேற்றுமையிலும் ஆறாம் வேற்றுமையிலும் ஒரே சொல் இடமாகவும் பொருளாகவும் மாறுகிறது. அறிவிப்புப் பலகையில் இதனால் தீங்கு குறைவு. மருத்துவ ஆவணத்தில் நிலைமை வேறு.

பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்படும், விந்தணுவுடன் இணையாத முட்டையை நாளிதழ்கள் ‘கருமுட்டை’ என்றே எழுதுகின்றன. உயிரியல் பாடநூல் வழக்கில் அச்சொல் இணைவுக்குப்பின் தோன்றும் சைகோட்டைக் குறிக்கிறது. 2021 ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் முட்டையையும் கருவையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. முட்டைக் கொடையாளர் 23 முதல் 35 வயதுக்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வழங்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுத்தல் கூடாது என்பன அதன் விதிகள். எழுத்துமூல ஒப்புதலும் கட்டாயம். தமிழில் அமையும் ஒப்புதல் படிவத்தில் ‘கருமுட்டை’ என்றிருந்தால், கொடையாளர் தருவது தன் செல்லையா, கருவுற்ற ஒன்றையா என்னும் ஐயம் எழும். தான் தருவது இன்னதெனத் தெளியாதவரிடம் பெறும் கையொப்பம் ஒப்புதல் ஆகாது.

அடுத்து, கருக்கலைப்பு. ‘கரு கலைந்தது’ என்பது தன்வினை. ‘கருவைக் கலைத்தாள்’ என்பது பிறவினை. இயல்பாக நிகழ்ந்ததையும் செய்யப்பட்டதையும் தமிழ் இலக்கணமே இவ்வாறு பிரித்துக் காட்டுகிறது. ஆங்கில மருத்துவத்திலோ ‘அபார்ஷன்’ என்னும் சொல் இயல்பான இழப்பையும் உள்ளடக்கும். அதனை எங்கும் கருக்கலைப்பு என்றே பெயர்த்தால், குழந்தையை இழந்த பெண் அதனை வேண்டிச் செய்தவளாக ஆவணத்தில் பதிவாகிறாள். கருச்சிதைவு என்னும் சொல் கையிலிருக்க இப்பிழை நேர்தல் தகாது. மேலும், 1971 ஆம் ஆண்டுச் சட்டம் 2021 திருத்தத்தின்படி குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இடமளிக்கிறது. கருவியலில் எம்ப்ரியோ நிலை, கருவுற்றதிலிருந்து எட்டு வாரங்களில் முடிகிறது. தமிழகப் பொதுவழக்கில் இரு நிலைகளுக்கும் கரு என்பதே பெயர்.

எதிர்வாதங்கள்

சூழலே பொருளை உணர்த்தும். தனிச்சொற்கள் வேண்டா என்பர் சிலர். கருத்தரங்க அழைப்பிதழுக்கு அது பொருந்தும். நோயாளிக்குச் சூழலை விளக்கும் மருத்துவர் எப்போதும் அருகிலிருப்பார் என்பதற்கு உறுதியில்லை. மருத்துவமனையில் எம்ப்ரியோ என்றே பேசுகிறார்கள் என்பர் வேறு சிலர். பேசுவது எவ்வாறாயினும், படிவம் தமிழில் அமையும்போது அதன் சொல் தெளிவாக இருத்தல் வேண்டும்.

புதுச்சொல் படைக்கும் தேவையும் இங்கு மிகுதியன்று. இணையாத முட்டைக்குச் சினைமுட்டை, இணைந்தபின் கருமுட்டை, அது பகுந்து வளரும் எட்டு வாரக் காலத்துக்குக் கரு, அதன்பின் முதிர்கரு, இடத்தைக் குறிக்கக் கருப்பை என்று வரையறுத்தால் போதும். சினை என்பது கால்நடைக்குரிய சொல் எனத் தடை எழலாம். ஆனால் மனித உடலுக்குச் சினைப்பை என்னும் சொல் முன்பே வழக்கில் உள்ளது. சினைப்பை நீர்க்கட்டியைக் ‘கருப்பை நீர்க்கட்டி’ எனக் கூறும் வழக்கால் தம் கருப்பைக்கே கேடு நேர்ந்ததாகப் பெண்கள் அஞ்ச நேர்வதும் இவ்வரையறையால் குறையும்.

முடிவுரை

கருவறையிலும் கதைக்கருவிலும் கருப்பொருளிலும் ‘கரு’ தன் பழைய அகலத்துடனேயே வாழட்டும்; மஞ்சள் கருவைத் திருத்தவும் எவரும் முற்பட வேண்டா. வரையறை தேவைப்படுவது படிவத்திலும் சட்ட மொழிபெயர்ப்பிலும் மருத்துவக் குறிப்பிலும் மட்டுமே. இப்பணியை மருத்துவர்களுக்கோ மொழிபெயர்ப்பாளர்களுக்கோ மட்டும் விட்டுவிடுதல் முறையன்று. தன்வினை, பிறவினை வேறுபாட்டையும் வேற்றுமைப் பொருளையும் நாள்தோறும் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் அப்படிவங்களை ஒருமுறையேனும் படித்துப் பார்த்தல் வேண்டும்.