சாட்சி சொன்ன பெண்களைப் பொய்யர்களாக்குவதா? – கண்டன அறிக்கை

மார்மன் திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் பலதார மணமே செய்யவில்லை, அவர் இறந்த பிறகு தலைமையேற்ற பிரிகாம் யங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் கட்டிய கதை அது என்ற பிரச்சாரம் அண்மை ஆண்டுகளில் வலுத்து வருகிறது. இன்னொரு பக்கம், ‘மணந்தார்தான், ஆனால் ஆதரவற்ற விதவைகளைக் காப்பாற்றத்தான்’ என்ற பழைய சமாதானமும் இன்னும் ஓயவில்லை. முதலாவது, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லிவிட்டுப் போன பெண்களைப் பொய்யர்கள் ஆக்குகிறது. இரண்டாவது, அவர்கள் பட்டதை இல்லாமல் செய்கிறது. பெண்களின் வரலாற்றைப் படிப்பதையும் கற்பிப்பதையும் பணியாகக் கொண்ட எங்கள் சங்கம் இவ்விரண்டையும் வன்மையாகக் கண்டிக்கிறது.

நடந்தது என்ன? இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் 1841 ஏப்ரலில் லூயிசா பீமனை ஸ்மித் இரகசியமாக மணந்தார். அடுத்த இரண்டரை ஆண்டுகளில் இத்தகைய திருமணங்கள் பெருகின. அவர் மணந்த பெண்கள் 30 முதல் 40 பேர் வரை இருக்கலாம் என்று மார்மன் திருச்சபையே 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டது. அவர்களில் சிலர் ஏற்கெனவே கணவர் உள்ளவர்கள் என்பதையும் அது மறைக்கவில்லை.

லூசி வாக்கரை எடுத்துக்கொள்வோம். 1842 தொடக்கத்தில் தாய் இறந்தார். தந்தை மதப் பணிக்காக வெளியூர் அனுப்பப்பட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு வீடாகப் பிரிக்கப்பட, லூசி ஸ்மித்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தன்னை மணப்பது கடவுளின் கட்டளை என்று சொன்ன ஸ்மித், முடிவெடுக்க மறுநாள் வரை அவகாசம் கொடுத்தார் என்றும், மறுத்தால் வாசல் என்றென்றைக்கும் அடைபடும் என்று எச்சரித்தார் என்றும் லூசியே பின்னாளில் எழுதினார். 1843 மே 1 அன்று திருமணம் நடந்தது. அதற்கு முந்தைய நாள்தான் அவருக்கு 17 வயது நிரம்பியிருந்தது. ஸ்மித்துக்கு 37.

அதே வீட்டில் தந்தையை இழந்த பார்ட்ரிட்ஜ் சகோதரிகளும் இருந்தார்கள். எமிலிக்கு 19 வயது, எலைசாவுக்கு 22. 1843 மார்ச்சில் சில நாள் இடைவெளியில் இருவரையும் ஸ்மித் மணந்தார். மனைவி எம்மாவுக்கு இது தெரியாது. மே மாதம் எம்மா ஒருவாறு இணங்கி, இந்தச் சகோதரிகளையே தேர்ந்தெடுத்தபோது, நடந்ததை மறைக்க அவர் கண்முன்னே சடங்கு இரண்டாம் முறை நடத்தப்பட்டது. வெகு விரைவில் எம்மா மனம் மாறினார். சகோதரிகள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே மே மாதத்தில் ஸ்மித்துக்கு மணம் செய்து வைக்கப்பட்ட ஹெலன் மார் கிம்பலுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. இதனால் குடும்பம் முழுவதும் மோட்சம் பெறும் என்று சொல்லி அந்தச் சிறுமியைச் சம்மதிக்க வைத்தார்கள். இந்த நால்வரில் ஒருவர்கூட விதவை இல்லை. விதவைகளைக் காத்தார் என்பவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்லப் போகிறார்கள்?

1843 ஜூலை 12 அன்று எழுத்தில் பதிவான, பலதார மணம் பற்றிக் கடவுள் தமக்கு அருளியதாக ஸ்மித் சொன்ன ‘வெளிப்பாடு’ முதல் மனைவியின் சம்மதத்தைக் கேட்கச் சொல்கிறது. அவர் மறுத்தாலோ, கணவருக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு அளிக்கிறது. மறுக்க இடமில்லாத இடத்தில் பெறுவதைச் சம்மதம் என்று எங்களால் ஏற்க முடியாது.

எல்லாம் பின்னாளில் கட்டிய கதை என்பவர்களுக்கும் பதில் உண்டு. ஸ்மித்தின் எழுத்தர் வில்லியம் கிளேட்டன் இவற்றை 1843-லேயே தம் நாட்குறிப்பில் எழுதி வந்தார். ஸ்மித் உயிரோடு இருந்தபோதே, 1844 ஜூன் 7 அன்று ‘நாவூ எக்ஸ்பாசிட்டர்’ இதழ் இதை வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. மூன்றே நாளில் நகர சபையின் உத்தரவில் அதன் அச்சுக்கூடம் அழிக்கப்பட்டது. பிறகு 1892-இல் மிசூரி நில வழக்கு ஒன்றில் எமிலியும் லூசியும், ஸ்மித்தை மணந்த இன்னொருவரான மலிசா லாட்டும் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். வழக்கறிஞர்களின் கூச்சமற்ற குறுக்குக் கேள்விகளுக்கு முதிய வயதில் அவர்கள் பதில் சொன்னதை ஒரே வரியில் தள்ளிவிட யாருக்கும் உரிமை இல்லை.

ஹெலன் உட்படப் பலர் பிற்காலத்தில் பலதார மணத்தை ஆதரித்தே எழுதினார்கள் என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. அது அவர்களின் நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கை 14 வயதில் நடந்ததை நியாயமாக்கிவிடாது.

இந்த அறிக்கை மார்மன் மக்களுக்கு எதிரானது அல்ல. 1838-இல் மிசூரி ஆளுநர் பாக்ஸ் அவர்களை அழிக்கவோ மாநிலத்தை விட்டு விரட்டவோ ஆணையிட்டதையும், பலதார மணத்தை ஒழிப்பதாகச் சொல்லி 1887-இல் அமெரிக்க நாடாளுமன்றம் யூட்டா பெண்களின் வாக்குரிமையையே பறித்ததையும் அதே குரலில் கண்டிக்கிறோம். திருச்சபை 1890-இல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது, 1904-இல் அதை மேலும் உறுதி செய்தது. இன்றைய உறுப்பினர்கள் மீது பழைய பழியைச் சுமத்துவதையும் நாங்கள் ஏற்கவில்லை.

எனவே நாங்கள் வலியுறுத்துவது:

1. சாட்சி சொன்ன பெண்களை ஆதாரமின்றிப் பொய்யர்கள் என்று தூற்றுவதை உடனே நிறுத்த வேண்டும்.

2. வரலாற்று நூல்களும் சொற்பொழிவுகளும் ‘விதவைப் பாதுகாப்பு’ என்ற பூச்சைக் கைவிட்டு, பெண்களின் பெயரையும் வயதையும் சொல்ல வேண்டும்.

3. 2014-இல் ஒப்புக்கொண்டதைத் திருச்சபை இளைஞர்களுக்கான பாடங்களிலும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும்.

4. எந்த மதமானாலும், கடவுளின் பெயரால் சிறுமிகளின் சம்மதத்தைப் பெற்றதாகச் சொல்லும் எந்த வாதத்தையும் வரலாற்றாசிரியர்கள் நியாயப்படுத்தக் கூடாது.

தங்கள் பெயரையும் மானத்தையும் பணயம் வைத்து அந்தப் பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். அதைத் திரிக்கும் முயற்சி எங்கிருந்து வந்தாலும் எங்கள் சங்கம் எதிர்த்து நிற்கும்.

இப்படிக்கு,
செயற்குழு