மேஜை மேல் ஓடும் போடி ரயில்

சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை ரயில் நாலு நாள் வட்டமடிக்கும். ஐந்தாம் நாள் பரண் ஏறிவிடும். மாடல் ரயில் அப்படியல்ல. உண்மையான இன்ஜினையும் பெட்டியையும் அளவு மாறாமல் சுருக்கி, அதற்கேற்ற ஸ்டேஷன், பாலம், மரம், மனிதர்களோடு ஓர் ஊரையே வீட்டுக்குள் கட்டுவது. ஆண்டுக்கணக்கில் வளரும் வேலை இது.

நம் நாட்டில் இதற்குப் பெயர் சொல்லும் இடம் புணே, கோத்ரூடில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம். ரயில் மீது ஆசை கொண்ட பாவு ஜோஷி உருவாக்கியது, 1998-ல் திறக்கப்பட்டது. ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்காகத் தொடங்கி, இன்று குடும்பங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் குட்டி நகரமாக நிற்கிறது.

மதுரையில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் குடும்பத்துக்குக் கதை தயாராகவே இருக்கிறது: மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக 90 கிலோமீட்டர் ஓடிய அந்த ரயில், அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. மீண்டும் தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம்; போடி வரை 2023 ஜூனில். பாதை திரும்பி வந்தது, பழைய ரயில் வரவில்லை. இடையில் பிறந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை.

அளவு என்ன?

உலகில் அதிகம் பேர் பின்பற்றுவது ஹெச்.ஓ. அளவு. 87 மீட்டர் நீளம் 1 மீட்டராகச் சுருங்கும். ஐந்தரை அடி மனிதர் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பார். இதன் வழக்கமான தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். அதைக் கணக்காகச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதனால் கடைத் தண்டவாளத்தில் நம் அகலப் பாதை ரயில் கொஞ்சம் ஒல்லியான பாதையில்தான் ஓடும்.

மீட்டர் கேஜ் சுருங்கினால் பதினொன்றரை மில்லிமீட்டர். ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். போடி ரயிலுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்திவிடும்! ஆனால், வெளிநாட்டுச் சரக்கு; விலை கடிக்கும். பழகும்வரை சாதாரண 16.5 போதும்.

எதை விடுவது?

90 கிலோமீட்டரை அப்படியே சுருக்கினாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். வீட்டில் கிடைப்பதோ எட்டுக்கு நாலு அடி பிளைவுட். 45 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைவு வைத்தால் ஒரு சுற்று சுமார் ஐந்தரை மீட்டர். அதாவது நிஜத்தில் அரை கிலோமீட்டர்கூட இல்லை. இன்ஜினும் நாலு பெட்டியும் சேர்ந்தாலே ஒரு மீட்டரைத் தொட்டுவிடும்.

எல்லா ஊரையும் திணித்தால் எதுவும் ஊராகத் தெரியாது. ஒரு ஸ்டேஷன், ஒரு கணவாய் போதும். முன்பக்கம் உசிலம்பட்டி, பின்பக்கம் ஆண்டிபட்டி மலை வெட்டு. ரயில் மலைக்குப் பின்னால் சிறிது நேரம் மறைந்து வந்தால், பார்ப்பவர் மனசு மீதித் தூரத்தைத் தானே போட்டுக்கொள்ளும்.

ஏற்றத்தில் பேராசை கூடாது. ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் உயர்வே போதும். மீறினால் சக்கரம் வழுக்கும். ஒரு பாதை மேல் இன்னொன்று கடக்க 7 சென்டிமீட்டர் உயர வேண்டும். அதற்கு மூன்றரை மீட்டர் ஏற வேண்டும். சின்னப் பலகையில் மேம்பால ஆசையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ரயில் ஏன் நிற்கிறது?

இன்ஜினுக்கு 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது. மதுரைத் தூசி படிந்தால் ரயில் திக்கித் திணறும். சுத்தமான துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறலில் இன்னும் அழுக்கு சேரும்.

தூரம் போகப்போக வேகம் குறைந்தால் பழி இன்ஜின் மேல் இல்லை. தண்டவாள இணைப்புகள் தளர்ந்திருக்கும். ஒரே இடத்தில் மின்சாரம் கொடுக்காமல், இரண்டு மீட்டருக்கு ஓரிடத்தில் கம்பி கொடுத்தால் சரியாகும். கத்திரி வெயிலில் பலகை சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். அதனால் இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடலாம். கரையான் ஏறாதபடி மேஜையைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுவதும் அவசியம்.

வீட்டிலிருந்தே ஊர்

தெர்மாகோல் அடுக்கிப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினால் மலை. சலித்த கல் தூள் ஜல்லி. ஃபெவிகாலில் சம அளவு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து ஜல்லி மேல் சொட்டுச் சொட்டாக விட்டால் மறுநாள் இறுகிவிடும். பனை மரத்துக்குப் பழைய பிரஷ்ஷின் குச்சி, பச்சை வண்ணம் பூசிய காகிதம். 15 மீட்டர் பனை இங்கே 17 சென்டிமீட்டர் உயரம். பலரும் மரத்தைக் குட்டையாக்கித் தவறு செய்வது இங்கேதான்.

ஸ்டேஷனைக் கட்டும்போது மட்டும் கடைக்கோ இணையத்துக்கோ போவதற்கு முன், வீட்டுப் பெரியவரை அருகில் உட்கார வைக்க வேண்டும். பிளாட்பாரம் எவ்வளவு உயரம், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், புளியமரம் எத்தனை, கைகாட்டி எங்கே நின்றது? பெட்டிகளின் அளவு புத்தகத்தில் கிடைக்கும். இதெல்லாம் அந்த ரயிலில் வாழைக்காய்க் கூடையோடு ஏறி இறங்கியவர்களிடம்தான் இருக்கிறது. அவர் "இந்த மரம் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்டா" என்று சொன்னால், பசை காய்வதற்குள் பேரன் மரத்தை நகர்த்திவிடலாம்.