பந்தயத்தில் வென்றவர் யார்?

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலே இரண்டு நாடுகள், அண்டை அயலாய் அமைந்திருக்கின்றன. ஒன்றுக்குப் பொன் கடற்கரை என்று பெயரிட்டான் வெள்ளையன். மற்றொன்றுக்குத் தந்தக் கடற்கரை என்று பெயரிட்டான். அங்கே வாழ்ந்த மக்களின் பெயரைச் சூட்டினானா? இல்லை. எதை அள்ளிக்கொண்டு போக வந்தானோ, அந்தப் பொருளின் பெயரையே மண்ணின் நெற்றியில் எழுதி வைத்தான் - மூட்டையின்மீது சரக்கின் பெயரை எழுதும் வணிகனைப் போல! பொன் கடற்கரை, 1957 மார்ச் 6ஆம் நாள் விடுதலை பெற்று, கானா என்ற பழம்பெரும் ஆப்பிரிக்க அரசின் பெயரைச் சூட்டிக்கொண்டது. தந்தக் கடற்கரை, 1960 ஆகஸ்ட் 7ஆம் நாள் விடுதலை பெற்றது. ஐவரி கோஸ்ட் என்ற அந்தச் சரக்குப் பெயரோடேயே இன்றும் உலவுகிறது.

இவ்விரு நாடுகளையும் தராசுத் தட்டுகளில் ஏற்றி வைத்து, எது தாழ்ந்தது, எது உயர்ந்தது என்று பார்ப்பதிலே பலருக்குத் தணியாத ஆசை. அக்ராவின் மாடிகளை எண்ணுவார் ஒருவர். அபிஜானின் பாலங்களை எண்ணுவார் மற்றொருவர். "எங்கள் தலைநகர் மின்னுகிறது" என்பார் இவர். "எங்கள் வளர்ச்சி விகிதத்தைக் காணீர்" என்பார் அவர். பள்ளியில் பணியாற்றும் நமக்கு மதிப்பெண் பட்டியல் எழுதுவது பழகிய வேலைதான். ஆனால், எந்தப் பாடத்தில், எந்தக் கேள்விக்கு, யார் திருத்திய தாளுக்கு மதிப்பெண் என்று கேளாமல், முதலிடம் யாருக்கு என்று மட்டும் கூவுவது ஆசிரியர் வேலையல்ல; பந்தயத் திடலில் சீட்டு விற்பவன் வேலை!

பந்தயம் என்ற சொல்லை நாம் உவமைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒரு பந்தயம் நடந்தது. விடுதலை பெற்ற மறு மாதமே, 1957 ஏப்ரலில், கானாவின் தலைவர் குவாமே நிக்ரூமா அபிஜான் சென்றார். அங்கே அவரை வரவேற்ற ஊஃபுவே புவானி, பிரான்சின் அமைச்சரவையிலே அமர்ந்திருந்தவர், மருத்துவம் கற்றவர், பெரும் தோட்ட முதலாளி, 1946இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் கட்டாய உழைப்பை ஒழித்த சட்டத்துக்குத் தம் பெயரையே தந்தவர். நிக்ரூமா நம்பியது முழு விடுதலையை, அரசு நடத்தும் ஆலைகளை, ஆப்பிரிக்க ஒற்றுமையை. புவானி நம்பியது பிரான்சின் தோழமையை, வெளிநாட்டு முதலை, தோட்டப் பயிரை. "பத்தாண்டு கழித்துப் பார்ப்போம், யார் பாதை சரியென்று" - இதுதான் பந்தயம். மேற்கு ஆப்பிரிக்கப் பந்தயம் என்று ஏடுகள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டன.

பத்தாண்டு முடிந்தது. 1967இல் நிக்ரூமா எங்கே இருந்தார்? 1966 பிப்ரவரி 24ஆம் நாள் படையினர் அவர் ஆட்சியைக் கவிழ்த்துவிட, கினி நாட்டிலே அடைக்கலம் புகுந்திருந்தார். புவானி எங்கே இருந்தார்? அபிஜான் மாளிகையிலே! அவர் நாடு ஆண்டுக்கு 7 விழுக்காடு அளவில் வளர்ந்துகொண்டிருந்தது. வெப்ப மண்டல நகரமான அபிஜானின் பெரிய ஓட்டலிலே பனிச்சறுக்குத் தளமே அமைத்தார்கள். "வென்றார் புவானி!" என்று மேலை நாட்டு ஏடுகள் மேளம் கொட்டின.

அவசரப்பட்டு மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டவர்களே, சற்றுப் பொறுங்கள்! 1987இல் அதே ஐவரி கோஸ்ட், வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்ட இயலாது என்று கைவிரித்தது. 1999இல் அங்கும் படைப் புரட்சி. 2002இல் உள்நாட்டுப் போர். 2010-11இல் தேர்தல் முடிவை ஒட்டி மூண்ட மோதலில் ஏறத்தாழ 3,000 உயிர்கள் பலி. அதே 2011இல், புதிதாய்க் கிடைத்த எண்ணெய் வளத்தால், கானா ஏறத்தாழ 14 விழுக்காடு வளர்ந்தது. "வென்றார் நிக்ரூமா!" என்று மாலையை மாற்றிப் போடலாமா? அதற்கும் வழியில்லை. 2022 டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தி, 2023இல் பன்னாட்டு நிதியத்திடம் 300 கோடி டாலருக்குக் கை நீட்டியது. அந்த ஆண்டுகளிலே ஐவரி கோஸ்ட் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. ஆக, கடிகாரத்தை எந்த ஆண்டில் நிறுத்துகிறீர்களோ, அந்த ஆண்டில் வேறொருவர் வெற்றி வீரர்! இப்படி ஒரு பந்தயம் உண்டா உலகத்திலே?

அளவுகோலின் யோக்கியதை என்ன? 2010 நவம்பரில், கானா அரசு கணக்கெடுக்கும் முறையைப் புதுப்பித்தது. மறுநாள் காலை, நாட்டின் மொத்த உற்பத்தி 60 விழுக்காடு உயர்ந்து நின்றது! ஒரு கோக்கோ மரம் கூடுதலாய்க் காய்க்கவில்லை. ஒரு குடிசைக்குக் கூடுதலாய் ஓர் ஓடு ஏறவில்லை. ஏட்டிலே ஏறியது, நாடு நடுத்தர வருவாய் நாடுகளின் வரிசையிலே சேர்ந்தது. முன்பு விட்டுப்போனவற்றைக் கணக்கில் சேர்த்தது தவறென்று நாம் சொல்லவில்லை. அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நாட்டின் நெஞ்சை அளந்துவிட்டதாய் நினைப்பது மடமை என்கிறோம்.

சரி, இரு பாதையும் மாறி மாறிச் சறுக்கியதேன்? "அவர்கள் தலையெழுத்து" என்பார் ஆத்திகர். "கறுப்பர் ஆளத் தெரியாதவர்" என்பான் நிறவெறியன். இரண்டும் ஒரே பொய்யின் இரண்டு முகங்கள். காரணம் விண்ணிலே இல்லை, தோலிலும் இல்லை, தோட்டத்திலே இருக்கிறது. அந்தக் காரணத்தின் பெயர் கோக்கோ!

பாதைகள் இரண்டு, ஆனால் இரண்டு பாதைக்கும் வழிச்செலவு கோக்கோவிலிருந்தே வந்தது. கானாவிலே 1947இல் வெள்ளையர் ஆட்சி அமைத்த விற்பனை வாரியம், உழவனிடம் ஒரு விலைக்கு வாங்கி, உலகச் சந்தையில் வேறொரு விலைக்கு விற்றது. இடைவெளி அரசுக்கு. 1954இல், உலக விலை உச்சத்தில் இருந்த வேளையில், நிக்ரூமாவின் அரசு உழவனுக்குரிய விலையை நான்காண்டுக்கு உறைய வைத்தது. அசாந்தி நாட்டு உழவர் கொதித்தெழுந்தனர். ஐவரி கோஸ்டிலும் அதே கதை: வாரியத்துக்குப் பெயர் வேறு, மொழி பிரெஞ்சு, கை ஒன்றே! அங்கே சமதர்மத்தின் பெயரால் பிடித்தார்கள். இங்கே தாராளத்தின் பெயரால் பிடித்தார்கள். பிடிபட்டவன் இரு நாட்டிலும் அதே உழவன்தான்.

பிடித்த பணத்தில் நல்லதே நடக்கவில்லையா? நடந்தது, நாம் மறைக்க மாட்டோம். 1951இல் தொடங்கிய கல்வித் திட்டமும், 1961இன் கட்டாய இலவசக் கல்விச் சட்டமும், கானாவின் சிற்றூர்ப் பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. எழுத்தறிவிலும் மனித வளர்ச்சிக் குறியீட்டிலும் அண்டை நாட்டைவிட அந்நாடு மேலே நிற்பதற்கு அந்த விதையே அடிப்படை. ஆனால் அகோசோம்போ அணையைப் பாருங்கள். ஏறத்தாழ 80,000 மக்களை ஊர்விட்டு ஊர் பெயர்த்து, வோல்ட்டா ஆற்றை மறித்துக் கட்டினார்கள். 1966 ஜனவரியில் திறந்தார்கள். மின்சாரத்தின் பெரும்பகுதி மலிவு விலையில் யாருக்குப் போயிற்று? அமெரிக்க முதலாளிகளின் அலுமினிய ஆலைக்கு! அந்த ஆலையோ, கானாவின் பாக்சைட் மண்ணை விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து மூலப்பொருளை இறக்கி உருக்கியது. நீர் இவர்களுடையது, நிலம் இவர்களுடையது, மூழ்கிய வீடு இவர்களுடையது. இலாபம் மட்டும் அயலாருடையது!

அணைக்கட்டாவது விளக்கேற்றிற்று. ஆண்டவனுக்குக் கட்டியது எதற்கு உதவிற்று? புவானி, தாம் பிறந்த யமுசுக்ரோ என்ற ஊரைத் தலைநகராக்கி, அங்கே 158 மீட்டர் உயரத்தில் ஒரு பெருங்கோயில் எழுப்பினார். இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. பிரான்சிலிருந்து வண்ணக் கண்ணாடி வந்தது. அந்தக் கண்ணாடி ஓவியத்திலே, ஏசுவின் அருகே புவானியின் உருவமும் வந்தது! கோயில் வேலை முடிந்த ஆண்டு 1989. அதே 1989இல்தான், கோக்கோ உழவனுக்குத் தரும் விலை கிலோவுக்கு 400 பிராங்கிலிருந்து 200 பிராங்காகப் பாதியாய் வெட்டப்பட்டது. கோபுரம் ஏறியது, கூலி இறங்கியது. மறு ஆண்டு போப்பாண்டவர் நேரில் வந்து அருள் வழங்கினார் - கோயிலுக்கு!

அண்டை நாடு இதைக் கண்டு பாடம் கற்றதா? கற்றது, தலைகீழாய்க் கற்றது! அக்ராவிலே தேசியப் பேராலயம் ஒன்று எழுப்பப் போவதாக ஆட்சியாளர் அறிவித்தனர். 5 கோடியே 80 லட்சம் டாலர் அளவுக்குச் செலவழித்த பின், கண்டது ஒரு பெரும் பள்ளம். நாடு கடனில் மூழ்கிய அதே காலத்தில்! பந்தயம் கட்டிய இரு நாடுகளும் ஒருவரை ஒருவர் பின்பற்றியது இந்த ஒன்றில்தானா?

இல்லை, இன்னொன்றும் உண்டு. அது இதைவிடக் கொடியது. கோக்கோத் தோட்டங்களைத் தோளில் தாங்கியவர் பலர், வடக்கேயிருந்து வந்த ஏழைத் தொழிலாளர். பொருளாதாரம் நொடித்ததும் ஆட்சியாளர் என்ன செய்தனர்? 1969இல் கானா அரசு, தாளில்லாத அயலாரெல்லாம் வெளியேறுக என்று ஆணையிட்டது. தோட்டத்துக் கைகள் போயின. 1964-65இல் 5.5 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த கோக்கோ, பல காரணங்கள் கூடி, 1983-84இல் 1.6 லட்சம் டன்னாய்ச் சுருங்கியது. ஐவரி கோஸ்டிலோ, 1990களிலே, "உண்மையான மண்ணின் மக்கள் யார்?" என்ற நஞ்சைக் கலந்தனர். தலைமுறை தலைமுறையாய்க் காடு திருத்தியவனின் பிள்ளையை அயலான் என்றனர். 1998இன் சட்டம், நில உரிமையை அந்நாட்டுக் குடிகளுக்கே ஒதுக்கியது. அந்த நஞ்சு 2002இலே போராய் வெடித்தது. உழைக்க வந்தவனைத் தோழனென்று வரவேற்றவர்கள், பங்கு கேட்டபோது பகைவனென்று விரட்டினார்கள். பிறப்பைக் கேட்டு உரிமை வழங்கும் கொடுமையை எங்கு கண்டாலும், எந்த மொழியில் கண்டாலும், நமக்கு அடையாளம் தெரியாமற் போகுமா?

இப்போது சொல்லுங்கள், பந்தயத்தில் வென்றவர் யார்? உலகத்துக் கோக்கோவில் பெரும்பங்கு இவ்விரு நாடுகளில் விளைகிறது. ஆயினும், ஒரு சாக்லேட்டின் விலையிலே பத்தில் ஒரு பங்குகூட உழவனுக்கு எட்டுவதில்லை. 2020இல் வெளிவந்த ஆய்வொன்று, இரு நாட்டுக் கோக்கோத் தோட்டங்களிலும் 15 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் உழைப்பதாய்க் கணக்கிட்டது. கானா கூடுதலாய் விளைவித்தால் விலை விழும். ஐவரி கோஸ்ட் கூடுதலாய் விளைவித்தாலும் விலை விழும். அண்ணன் தம்பி இருவரும் போட்டி போட்டுக்கொண்டு மூட்டை சுமந்தார்கள். மூட்டைக்குரியவன் முதுகு நோகாமல் முன்னே நடந்தான். வென்றவன் ஓடியவனல்லன், சீட்டு விற்றவன்!

இந்த உண்மை இரு நாட்டுக்கும் புரிய அறுபதாண்டு ஆயிற்று. 2018இலே, பந்தயம் பிறந்த அதே அபிஜானிலே, இரு நாட்டுத் தலைவர்களும் கூடி, கோக்கோ விலையில் ஒன்றாய் நிற்போம் என்று ஒப்பமிட்டனர். 2020-21 பருவத்திலிருந்து டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கேட்டனர். வாங்குவோர் விட்டார்களா? ஒரு கையால் அதைக் கொடுத்து, தரத்துக்காகத் தந்து வந்த மிகுவிலையை மறு கையால் குறைத்தனர். 2024இல் உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, முன்கூட்டியே விற்றுவிட்ட காரணத்தால், ஐவரி கோஸ்ட் உழவன் கையில் விழுந்தது ஏறத்தாழ அதில் கால் பங்கு. ஒற்றுமை ஒரே நாளில் வென்றுவிடவில்லை. எனினும், போட்டி தந்தது அறுபதாண்டு ஏமாற்றம்; ஒற்றுமை தந்தது, கேட்கும் துணிவு. அந்தத் துணிவு சிறிதா?

நாடுகளை ஒப்பிடாதே என்று நாம் சொல்லவில்லை, தோழர்களே! ஒப்பிடுங்கள், உற்றுப் பார்த்து ஒப்பிடுங்கள். விளைவித்தவன் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று ஒப்பிடுங்கள். எத்தனை குழந்தையின் கையில் கத்தி இருக்கிறது, எத்தனை குழந்தையின் கையில் புத்தகம் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். ஆட்சியை எதிர்த்துப் பேசியவன் மாலையில் வீடு திரும்பினானா, சிறைக்குப் போனானா என்று ஒப்பிடுங்கள். 1964இலே கானாவில் ஒரே கட்சியென்று சட்டம் செய்தார் நிக்ரூமா. 1990 வரை ஒரே கட்சியை வைத்தே ஆண்டார் புவானி. அந்தத் தேர்விலே இருவருக்கும் சுழியம்தான்!

மாடியை எண்ணுவோர் எண்ணிக்கொண்டிருக்கட்டும். மாடியின் நிழலிலே குந்தியிருப்பவன், தான் சுமந்த கோக்கோவின் இனிப்பைத் தன் நாவில் என்று சுவைக்கிறானோ, அன்று அந்த நாடு வென்றது என்று நாம் எழுதுவோம். அதுவரை, முதலிடத்துக்கு நேரே உள்ள கட்டம் வெற்றிடமாகவே இருக்கட்டும்!