கைக்கு ஓய்வு, கண்ணுக்கு வேலை

என் தமக்கையார் முப்பது ஆண்டுகள் பாடசாலையிலே தையற்கலை கற்பித்தவர். அவருடைய கத்தரிக்கோலை எங்கள் வீட்டில் எவரும் கடதாசி வெட்டுவதற்கு எடுத்ததில்லை; எடுத்தவர் வசை கேளாது தப்பியதுமில்லை. அத்தகைய கத்தரிக்கோல் சென்ற ஆண்டு பழந்துணியிற் சுற்றப்பட்டுத் தகரப் பெட்டிக்குள்ளே போய்விட்டது. மூட்டுவாதத்தினால் அவருடைய வலக்கை விரல்கள் வீங்கிக் கத்தரியின் வளையத்துள் நுழைய மறுத்தன. தையல் இயந்திரத்தை மிதிக்கக் கால்கள் இருந்தன. துணியைத் தள்ளிக் கொடுக்கவும் கை ஒருவாறு இடங்கொடுத்தது. வெட்டுவதற்கு மாத்திரம் வழியில்லை. "பிறர் வெட்டித் தருவதை எத்தனை நாளைக்குத்தான் தைப்பது, தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். நான் விடை கூறாது எழுந்து சென்றேன்.

விடை ரொறன்ரோ நகரிலிருந்து வந்தது. அங்கு வாழும் அவருடைய மகன், வீட்டு மேசைமீது வைத்துத் துணி வெட்டும் மின்னியந்திரமொன்றை அனுப்பியிருந்தான். அமெரிக்க நாட்டு யூற்றா மாநிலத்து நிறுவனமொன்று 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிரிக்கட் மேக்கர்' என்பது அது. பெயரைக் கேட்டதும் பக்கத்து வீட்டுச் சிறுவன் பந்தும் மட்டையும் வந்தனவென்று ஓடிவந்தான்!

பொதியினுள்ளே ஒரு கடிதமும் இருந்தது. தனக்கு மகள் பிறந்திருக்கிறாளென்றும், காலஞ்சென்ற எங்கள் அன்னையாரின் நீலப் பருத்திச் சேலையிலே அக்குழந்தைக்கு ஒரு சட்டை தைத்து அனுப்ப வேண்டுமென்றும் அவன் எழுதியிருந்தான். அந்தச் சேலை ஒன்றே ஒன்று. பிழைபட வெட்டினால் அதனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இவ்வியந்திரம் வேலை செய்யும் முறையைச் சிறிது கூறுகிறேன். முன்னாளிலே அச்சு வைத்துத் துணி வெட்டியோர், ஒவ்வோர் உருவத்துக்கும் ஒவ்வோர் உருக்கு அச்சுச் செய்விக்க வேண்டியிருந்தது. இதற்கு அச்சு வேண்டுவதில்லை. கணினியில் வரைந்த கோட்டினைப் பின்பற்றி, மின்விசையால் இயங்கும் கத்தி ஒரு திசையிலும், துணியைத் தாங்கிய தகடு மற்றத் திசையிலும் நகர்கின்றன. பசை பூசிய அந்தப் பிளாத்திக்குத் தகட்டின் மேலே துணியை ஒட்டிவிட்டால் அது அசையாது கிடக்கும். இவ்வகை இயந்திரங்கள் பலவற்றிலுள்ள கூர்முனைக் கத்தி துணியை இழுத்துக்கொண்டு போகும். ஆதலால் துணியின் பின்புறத்தில் விறைப்பான தாளொன்றை ஒட்டிய பின்னரே வெட்ட வேண்டும். இந்த இயந்திரத்துக்கோ, சிறு சில்லுப் போன்ற கத்தியொன்றும் உண்டு. அது துணிமேல் உருண்டு செல்வதால் இழைகள் சிக்குவதில்லை, பின்தாளும் தேவையில்லை.

கணினி வேலையை என் மகள் ஏற்றுக்கொண்டாள். அவளுக்கு இயந்திரம் ஒரு மணி நேரத்திற் பழகிவிட்டது. உடனே சேலையைக் கொண்டுவரப் புறப்பட்டாள். "முதலிற் பழந்துணியிலே பார், பிள்ளை" என்றார் தமக்கையார். மகளுக்கு அது வீண் தாமதமாகத் தோன்றிற்று; எனினும் பழைய தலையணை உறையொன்றைப் பிரித்துத் தகட்டின் மேலே வைத்து, சுருக்கம் போகும்படி இருபுறமும் இழுத்து ஒட்டினாள். கத்தி உருண்டது. கோடு பிசகாமல் வெட்டியது. பார்த்துக்கொண்டிருந்த நான் வியந்தேன்.

துணியைத் தகட்டிலிருந்து உரித்தெடுத்தபோதோ, சட்டையின் முன்பாகம் கோணிக்கொண்டது. ஒரு தோள் மற்றத் தோளிலும் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. "இயந்திரம் பிழை செய்துவிட்டது" என்றாள் மகள். தமக்கையார் துணியைக் கையில் வாங்கி, வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். "இயந்திரம் தான் கண்டதை வெட்டியிருக்கிறது. நீ இழுத்து ஒட்டினாய். விட்டதும் துணி தன் பழைய நிலைக்குப் போய்விட்டது" என்றார்.

அதன் பின்னர் அவர் கதிரையில் அமர்ந்து பாடம் நடத்தினார். துணியை முதலில் இஸ்திரிக்கை செய்ய வேண்டும். புதுத்துணியாயின் அதற்கு முன்னர் நனைத்து உலர்த்த வேண்டும்; பருத்தி சுருங்கும். பாவு நூல் தகட்டின் கோட்டுக்கு நேராக ஓட வேண்டும். மூலைவாட்டில் துணி எளிதில் இழுபடும். நடுவிலிருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் நீவ வேண்டும். ஓரங்களைப் பிடித்து இழுத்தலாகாது. இவற்றுள் எதனையும் இயந்திரம் அறியாது.

இரண்டாவது பழந்துணி செவ்வையாக வந்தது. அடுத்த நாட் காலையில் அன்னையாரின் சேலை தகட்டின் மேலே ஏறியது. கத்தியை ஓட்டும் பொத்தானை யார் அழுத்துவது என்ற கேள்வி எழுந்தபோது, மகள் விலகி நின்று, "மாமி, நீங்களே" என்றாள். வீங்கிய விரலொன்று போதுமானதாயிருந்தது. உரித்தெடுத்த துண்டினைத் தமக்கையார் நடுவில் மடித்துத் தோளோடு தோள் வைத்துப் பார்த்தார். இம்மியும் பிசகில்லை. அவர் எதுவும் பேசவில்லை. முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டு தையல் இயந்திரத்தருகே சென்று அமர்ந்தார்.

இத்தகைய இயந்திரத்தை வாங்க எண்ணும் வாசகர்களுக்குச் சில சொற்கள். விலை அற்பமன்று, கத்தியும் தகடும் தேயத் தேய மாற்ற வேண்டுவன. தகட்டின் அகலம் 12 அங்குலம். நீளம் 12 அல்லது 24 அங்குலம். குழந்தைச் சட்டை அடங்கும். பெரியவர் உடுப்பின் பெருந்துண்டுகள் அடங்கா. ஒரு முறைக்கு ஒரு மடிப்புத் துணியையே வெட்டுதல் நன்று. ஆதலால் சீருடைகளை அடுக்கி வெட்டும் தையற்காரருக்கு இதனால் ஊதியம் மிகாது. சில்லுக் கத்தி முக்கால் அங்குலத்துக்குக் குறைந்த உருவங்களுக்கு ஏற்றதன்று.

ஆயின், ஒரே அளவான பல துண்டுகளைப் பொருத்தித் தைக்கும் ஒட்டுத்துணி வேலைக்கு இது நல்ல துணை. துண்டொன்றுக்கு அங்குலத்தில் 1/16 பங்கு மிகுந்தாலும், 16 துண்டுகள் சேரும்போது ஓர் அங்குலம் மிகுந்துவிடுமன்றோ? கைநடுக்கமுடையோருக்கும் விரல் மடங்காதோருக்கும் இதன் பயன் இன்னும் பெரிது. தொழிலறிவு நெஞ்சிலிருக்கக் கை கைவிட்டவர்களுக்கே இது உரியதென்று சொல்வேன்.

சட்டையின் கழுத்தருகே அரை அங்குல மாங்காய் உருவொன்று தைக்கத் தமக்கையார் விரும்பினார். அது சில்லுக் கத்திக்கு அடங்காத அளவு. அவர் தகரப் பெட்டியைத் திறந்து, சுற்றியிருந்த பழந்துணியை அவிழ்த்து, கத்தரிக்கோலை என் மகளின் கையிற் கொடுத்தார்.

"கடதாசி வெட்டிவிடாதே" என்றார்.