தொண்டையையும் பாருங்கள்

உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கு முதல் மருந்தாக டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. உடல் பருமன் உள்ளவர்களுக்கானது அது. அதன் பிறகு எடைக் குறைப்பைப் பற்றியே பேச்சு. பருமன் இல்லாமலும் இந்நோயால் அவதிப்படுபவர்கள் உண்டு.

அவர்களில் சிலருக்குத் தடையாக இருப்பது பெருத்த டான்சில். குழந்தைகளுக்கு அதை அகற்றுவதே முதல் சிகிச்சை. பெரியவர்களுக்கோ, 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவிதான் முதல் பரிந்துரை. நல்ல கருவிதான், ஆனால், இரவெல்லாம் முகமூடி அணிய இயலாமல் கைவிடுபவர்கள் பலர்.

2016-இல் வெளியான, 17 ஆய்வுகளின் தொகுப்பு கவனிக்கத்தக்கது. டான்சிலை மட்டும் அகற்றிய பெரியவர்களுக்கு மணிக்குச் சராசரியாக 40 முறை நேர்ந்த மூச்சுத் தடை 14 ஆகக் குறைந்தது. ஆனால், ஆய்வுக்கு உட்பட்டோர் 216 பேர்தான். பெரும்பாலோர் டான்சில் பெருத்தவர்கள். இதைக் காட்டி, டான்சில் சிறிதாக உள்ளவரையும் அறுவைக்கு அழைப்பது முறையன்று. பெரியவர்களுக்கு வலி இரு வாரங்கள்கூட நீடிக்கலாம். ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. தவிர, மணிக்கு 5-க்குக் கீழ் இருப்பதே இயல்பு. 14 என்பது நோய் நீங்கியதாகாது.

கருவியை எழுதித் தருவதற்கு முன் தொண்டையைச் சோதிப்பதும், அறுவைக்குப் பின் உறக்கப் பரிசோதனையை மீண்டும் செய்வதும் மருத்துவமனைகளில் கட்டாய நடைமுறையாக வேண்டும்.