பலாமரமும் பள்ளிவாசல் சர்க்கரையும்



2013-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ‘விஸ்வரூபம்’ திரைப்படம் முஸ்லிம்களைத் தவறாகச் சித்திரிக்கிறது என்று சமுதாய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழகத்தில் படம் தடை செய்யப்பட்டது. பிறகு பேச்சுவார்த்தை நடந்து, பிப்ரவரியில் அது திரைக்கு வந்தது. அந்த நாள்களில் அம்பாசமுத்திரத்தில் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் வாயிலிலும் இதே பேச்சுத்தான்.

எதிர்த்தது சரியா தவறா என்ற வழக்கை மீண்டும் தொடங்குவது என் நோக்கமன்று. என் கேள்வி வேறு. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2011-இல், ஹஜ்ஜுக்குச் செல்ல ஏங்கும் ஓர் ஏழை அத்தர் வியாபாரியின் கதை மலையாளத்தில் படமாக வந்தது. நாட்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. மலைக்கு அந்தப் பக்கம் எடுக்கப்பட்ட அப்படத்தை, மலைக்கு இந்தப் பக்கம் வாழும் நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? பார்த்தவர்களுள் எத்தனை பேர் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம்?

தீயதைக் கண்டிப்பதில் காட்டும் ஊக்கத்தை, நல்லதைக் கைமாற்றுவதில் நாம் காட்டுவதில்லை. இதுவே என் ஆதங்கம்.

சலீம் அகமது இயக்கிய அப்படத்தின் பெயர் ‘ஆதாமின்டெ மகன் அபு’. முதியவர் அபு, அத்தரும் யுனானி மருந்துகளும் மார்க்க நூல்களும் விற்றுப் பிழைக்கிறார். வளைகுடாவில் இருக்கும் மகன் பெற்றோரைக் கைவிட்டுவிட்டான். அபுவும் அவர் மனைவி ஆயிசும்மாவும் காசு காசாகச் சேர்த்து ஹஜ்ஜுக்குப் பதிவு செய்கின்றனர். பணம் போதவில்லை. கறவை மாடுகளை விற்கின்றனர். வீட்டு முற்றத்துப் பலாமரத்தையும் மர வியாபாரிக்கு விலை பேசுகின்றனர். மரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே கூடு விழுந்து கிடக்கிறது. ஆனாலும் பேசிய தொகையைத் தர வியாபாரி முன்வருகிறார். அபு மறுத்துவிடுகிறார். பயனற்ற மரத்துக்குப் பெற்ற பணம் ஹலாலான சம்பாத்தியம் ஆகாது, அதைக் கொண்டு ஹஜ் செய்வது எப்படி என்பது அவர் கவலை. நண்பரான பள்ளி ஆசிரியர் கோவிந்தன் கடன் தருகிறேன் என்கிறார், அதுவும் வேண்டாம். பயண முகவரே செலவை ஏற்கிறேன் என்கிறார், அதுவும் வேண்டாம். இறுதியில் பயணம் நின்றுவிடுகிறது.

வில்லன் இல்லை, சண்டை இல்லை. ஒரு மனிதரின் பேணுதல் மட்டுமே கதை. மதரஸாவில் ஓராண்டு படித்தாலும் பிள்ளையின் மனத்தில் ஏறாத ஒன்றை அந்தப் பலாமரம் ஒரே மாலையில் ஏற்றிவிடும்.

ஈரானிய இயக்குநர் மஜித் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படமும் இத்தகையதே. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன், ஏழைத் தந்தைக்குச் சுமை தரக்கூடாதென்று தன் காலணியையே அவளுடன் மாறி மாறி அணிந்துகொள்ளும் கதை என்பது பலருக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அதிலுள்ள ஒரு சிறு காட்சி. பள்ளிவாசலில் தேநீர் வழங்குவதற்கான சர்க்கரைக் கட்டிகளைத் தந்தை வீட்டில் அமர்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே சர்க்கரைக் குவியல். மகள் கொண்டுவந்து வைத்த தேநீரில் இனிப்பில்லை. ஆனாலும் குவியலிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்க அவருக்கு மனம் வரவில்லை; அது பள்ளிவாசலின் அமானிதம். சொற்பொழிவு ஏதும் இல்லாமல் அக்காட்சி முடிந்துவிடுகிறது.

வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்றையும் சொல்வேன். இஸ்மாயில் ஃபெரூகியின் ‘லெ கிராண் வொயாஜ்’ (2004) பிரான்சில் வாழும் மொரோக்கோ நாட்டுத் தந்தை ஒருவரையும், அவரைக் காரில் மக்காவுக்கு அழைத்துச் செல்லும் மகனையும் பற்றியது. தந்தையின் மொழியில் மகன் பேசுவதில்லை. மகனின் உலகம் தந்தைக்குப் புரிவதில்லை. கைச்செலவுக்கே தட்டுப்பாடான நேரத்தில் தந்தை ஓர் ஏழைப் பெண்ணுக்குத் தருமம் செய்தபோது சினந்த அதே மகன், முடிவில் தானே தருமம் செய்துவிட்டுத் திரும்புகிறான். பிழைப்புக்காக வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கிய வாப்பாவும், அவரை விடுமுறையில் மட்டுமே கண்டு வளர்ந்த மகனும் இதைச் சேர்ந்து பார்க்கட்டும். அவர்கள் பேசத் தயங்கியதை இப்படம் பேசும்.

திரைப்படமே கூடாது என்று கருதும் ஆலிம் பெருமக்கள் உள்ளனர். அவர்களின் பேணுதலை மதிக்கிறேன். அதன்படி திரையே இல்லாமல் நடக்கும் வீடுகளுக்கு நான் சொல்ல ஏதுமில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் வீடுகளில் திரை ஏற்கெனவே புகுந்துவிட்டது. வாப்பா ஓர் அறையில், உம்மா அடுக்களையில், பிள்ளைகள் போர்வைக்குள் என்று ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொன்றைத் தனித்தனியே பார்க்கிறோம். பேராபத்து இந்தத் தனிமையில்தான் இருக்கிறது.

ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டுகளித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் அன்னையைத் தனியே விட்டுச் செல்லவில்லை. போதும் என்று அன்னையே சொல்லும்வரை உடன் நின்றார்கள். நம் வீடுகளில் அருகிவருவது அந்த உடனிருத்தலே.

கைமாற்ற வேண்டியவை திரைப்படங்கள் மட்டுமல்ல. 2015-இல் மறைந்த நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரலைப் பெருநாள் காலைகளில் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அக்குரல் யாருடையது என்று இன்றைய பிள்ளையைக் கேட்டால் விழிக்கும். அம்பையிலிருந்து தென்காசிச் சாலையில் போனால் பொட்டல்புதூர். அங்குள்ள தர்கா, கோயில்களைப் போலவே திராவிடக் கட்டடக்கலைப் பாணியில் அமைந்தது. தர்கா குறித்த கருத்து வேறுபாடுகள் ஒருபுறம் இருக்க, அக்கல்தூண்கள் இம்மண்ணில் நாம் அந்நியராக வாழவில்லை என்பதற்குச் சான்று. திருநெல்வேலிச் சாலையில் போனால் பத்தமடை. தாமிரபரணி நீரில் ஊறவைத்த கோரையை நூலாகக் கீறி, துணிபோல் மடித்து வைக்கத்தக்க பட்டுப்பாயாக நெய்பவர்கள் பெரும்பாலும் நம் சமுதாயப் பெண்கள். மணமக்கள் பெயர் பொறித்த பாயைத் திருமணத்தில் வாங்குகிறோம். நெய்த கைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டியதுண்டா? நம்மைப் பற்றிப் பிறர் தவறாகப் படமெடுக்கிறார்கள் என்று வருந்தும் நாம், நம்மிடம் உள்ளதை நாமே எடுத்துச் சொல்லவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. மாதம் ஓர் இரவு, இஷாவுக்குப் பின், வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்வோம். காட்டவிருப்பதைப் பெரியவர் ஒருவர் முன்னரே முழுவதும் பார்த்துவிடட்டும். பாராததைப் பிறருக்கு அனுப்புவதும் அமானிதத்துக்கு மாறே. முடிந்தபின் பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்போம். உடனே உபதேசம் வேண்டாம். கோடை விடுமுறையில் அவர்களைப் பத்தமடைக்கு அழைத்துச் சென்று, நெய்பவரின் இசைவு பெற்றுத் தறியையும் வேலையையும் அவர்கள் கையாலேயே படம்பிடிக்கச் சொல்வோம்.

ஹஜ் கனவு கலைந்த அபு, பெருநாள் விடியலில் என்ன செய்கிறார் தெரியுமா? வெட்டிய பலாவுக்கு ஈடாக ஒரு கன்றை நட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடக்கிறார். உலகம் முடியும் வேளை வந்தாலும் கையிலுள்ள கன்றை நட முடிந்தால் நட்டுவிடுங்கள் என்ற கருத்திலமைந்த நபிமொழி அப்போது நினைவுக்கு வரும். அந்த நபிமொழியை என் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அபு மண்வெட்டியை எடுத்த அன்றுதான் அவர்களுக்கு அது விளங்கியது.

அல்லாஹ் நம் பார்வைகளையும் பிள்ளைகளின் பார்வைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.